கவிழ்த்து வைத்த தொட்டி

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் ஒருவர் பசுமாட்டைப் பிடித்துக்கொண்டு வந்தார். மருந்தகத்தில் மேசைக்குப் பின்னால் நான் உட்கார்ந்திருந்தேன். வெள்ளைக் கோட்டு போட்டிருந்தேன். என்னையே பார்த்துக்கொண்டு, "சார் எப்பம்மா வருவாரு?" என்று கேட்டார். நான்தான் டாக்டர் என்றேன். அவர் என்னைப் பார்த்தார், மாட்டைப் பார்த்தார், பிறகு மாட்டை வேப்பமரத்தில் கட்டிவிட்டு நிழலில் குந்திக்கொண்டார். மாட்டுக்கு என்ன என்று நான் கேட்டதற்கு, "சும்மாதாம்மா" என்றார். அரை மணி நேரம் கழித்து என் உதவியாளர் டி.வி.எஸ். வண்டியில் வந்து இறங்கினார். இரண்டு பேரும் கட்டடத்தின் பின்பக்கம் போனார்கள். ஏதோ பேசினார்கள். மாட்டுக்கு ஊசி போட்டாகிவிட்டது. மாட்டை ஓட்டிக்கொண்டு அவர் போய்விட்டார். பதிவேட்டைப் புரட்டினேன், அந்த மாட்டைப் பற்றி ஒரு வரி கூட இல்லை.

அது 2006-ஆம் வருஷம். சிதம்பரத்திலிருந்து சேத்தியாத்தோப்பு போகிற வழியில் உள்ளே தள்ளி இருந்த ஒரு கிராமம். பெயர் வேண்டாம், அங்கே இன்னும் அவர்கள் எல்லாரும் இருக்கிறார்கள்.

நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் வளர்ந்தவள். அப்பா ஓர் அலுவலகத்தில் எழுத்தர். கால்நடை மருத்துவம் எனக்குக் கிடைத்தபோது அம்மா சொந்தக்காரர்களிடம் "டாக்டருக்குப் படிக்குது" என்று மட்டும் சொல்லிவைத்தாள். 2004-இல் படிப்பு முடிந்ததும் அது அம்பலமாகிவிட்டது. பெண் பார்க்க வந்த ஒரு வீட்டார் காபியைப் பாதியில் வைத்துவிட்டு, "மாட்டுக்கா?" என்று கேட்டார்கள். மாப்பிள்ளையின் அக்கா என் கைகளைப் பார்த்தாள். நகத்தில் ஏதாவது இருக்கிறதா என்று தேடுகிற மாதிரி.

வேலை கிடைத்ததும் சிதம்பரத்தில் ஒரு மாடி அறை எடுத்தேன். வீட்டுக்காரம்மா முன்பணம் வாங்குவதற்கு முன்னால் கேட்ட கேள்விகளை எந்த நேர்முகத் தேர்விலும் என்னிடம் கேட்டதில்லை. ராத்திரி யாராவது கூப்பிடுவார்களா, ஆம்பளைகள் வருவார்களா, கல்யாணம் ஏன் ஆகவில்லை. நான் சாயங்காலம் வந்து குளிக்கிற சத்தம் கேட்டால் மாடிப்படியில் நின்று மூக்கை உறிஞ்சிப் பார்ப்பாள். அதைக் கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது உதவியாளர்தான்.

அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். பக்கத்து ஊர்க்காரர். எனக்கு முன்னால் நான்கு டாக்டர்களைப் பார்த்தவர், நான்கு பேரும் ஆண்கள். என்னிடம் மரியாதைக் குறைவாக ஒருநாளும் பேசியதில்லை. "அம்மா" என்பார், சொன்ன வேலையைச் செய்வார். ஆனால் காலையில் நான் பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் நாலு வீட்டுக்குப் போய்வந்திருப்பார். மருந்துப் புட்டிகள் குறையும், பதிவேட்டில் கணக்கு இருக்காது. கேட்டால், "அவசரம்மா, எழுத மறந்துட்டேன்" என்பார். தினமும் மறக்க முடியுமா?

கொஞ்ச நாள் கழித்து ஒன்று மட்டும் புரிந்தது. மாட்டைச் சினைப்படுத்தும் ஊசிக்காக வருகிற ஆண்கள் என் முன்னால் அதைச் சொல்லக் கூச்சப்பட்டார்கள். "மாடு கத்துதும்மா" என்பதோடு நிறுத்திக்கொண்டு தரையைப் பார்ப்பார்கள். எதற்குக் கத்துகிறது என்று நான் கேட்டால் ஆளே போய்விடுவார். அதனால் அவர்கள் உதவியாளரைத் தேடினார்கள். சரி, அது ஒரு காரணம். ஆனால் எல்லாவற்றுக்கும் அதுவே காரணம் என்று என்னால் நம்ப முடியவில்லை. இந்த ஆள் எனக்குப் பின்னால் ஒரு தனி ஆஸ்பத்திரி நடத்துகிறார் என்றே நினைத்தேன். மருந்து அலமாரியைப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொள்ள ஆரம்பித்தேன். அவர் அதைக் கவனித்தார். 

அடுத்த வருஷம் ஐப்பசியில், சம்பா நடவு முடிந்து எல்லா வயலிலும் உரம் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், ஒரு காலை எட்டு மணிக்கு நான் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மருந்தக வாசலில் பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். அத்தனை பேரை அங்கே நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. ஒரு விவசாயி வீட்டில் கறவை மாடு செத்துவிட்டது, இன்னொன்று விழுந்து கிடக்கிறது, யாரோ விஷம் வைத்துவிட்டார்கள் என்றார்கள். யாரோ என்று சொன்னாலும் ஆள் யார் என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. அந்த விவசாயிக்கும் அடுத்த வீட்டுப் பங்காளிக்கும் வாய்க்கால் தகராறு. இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

நான் போனபோது என் உதவியாளர் அங்கே இருந்தார். விடியற்காலையே வந்துவிட்டாராம். விழுந்து கிடந்த மாட்டின் தலையைத் தூக்கிப் பிடித்து மூங்கில் குழாயால் புளித்த மோரை ஊற்றிக்கொண்டிருந்தார். தரையெல்லாம் மோர். பக்கத்தில் இரண்டு குடம் பச்சைத் தண்ணீர் காலியாகிக் கிடந்தது. மாடு நடுங்கிக்கொண்டிருந்தது, ஆனால் கண்ணில் உயிர் இருந்தது.

 எந்த விஷம் என்று தெரியாமல் யாரும் புளித்த மோர் கொடுக்க மாட்டார்கள். இந்த ஆளுக்குத் தெரிந்திருக்கிறது. எப்படித் தெரிந்தது?

இரண்டு நாள் முன்னால்தான் அவர் அந்தப் பங்காளியோடு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்ததைப் பஸ்ஸிலிருந்து பார்த்திருந்தேன்.

செத்த மாட்டை அறுத்துப் பார்க்க வேண்டும் என்றேன். கூட்டத்தில் ஒரு சலசலப்பு. மாட்டைப் பறிகொடுத்த வீட்டுக்காரர் ஐம்பது வயதைத் தாண்டியவர், மேல்துண்டை இறுக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"நீங்களாம்மா அறுக்கப் போறீங்க? சிதம்பரத்துலேந்து யாராவது பெரிய டாக்டர வரச் சொல்லுங்களேன்."

அவர் வருகிறவரை மாடு காத்திருக்காது, உள்ளே எல்லாம் அழுகிவிடும் என்றேன். ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டேன். எங்களுக்கு வருகிற பூட்ஸ் எல்லாம் ஆண்களின் அளவு. முன்பக்கம் பழைய துணியைத் திணித்துத்தான் நான் நடப்பேன். சேற்றில் ஓர் அடிக்கு ஒரு தரம் கால் வெளியே வந்தது. யாரோ சிரித்தார்கள். திரும்பிப் பார்க்கவில்லை.

உப்பிக் கிடந்த அந்தப் பெரிய வயிற்றில் கத்தி இறங்கியதுமே நெடி மூக்கில் அடித்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. கழிவறையைக் கழுவாமல் விட்டால் வருமே, அதைப் பத்து மடங்கு ஆக்கியது போன்ற நெடி. சிவப்பு லிட்மஸ் தாளை வயிற்று நீரில் நனைத்தேன், சட்டென்று நீலமானது. இரைப்பையில் வேறு எதுவும் இல்லை. பூச்சிமருந்தின் வாடை இல்லை. யூரியா. நெல்லுக்குப் போடுகிற அதே யூரியா. அதிகமாக உள்ளே போனால் ஒரு மணி நேரத்தில் மாட்டைச் சாய்த்துவிடும். அதை முறிக்கத்தான் புளித்த மோரும் பச்சைத் தண்ணீரும்.

மாதிரிகளைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துவிட்டு மாட்டுக் கொட்டகையைச் சுற்றிப் பார்த்தேன். நீல நிறப் பிளாஸ்டிக் டிரம்மைப் பாதியாக அறுத்துத் தண்ணீர்த் தொட்டியாக வைத்திருந்தார்கள். அது கவிழ்ந்து கிடந்தது. அதைச் சுற்றி மண் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. கொட்டகைக்குப் பின்னால் வேலியில் ஒரு வெள்ளைச் சாக்கு. உரச் சாக்கு. முந்தின நாள் மழை இல்லை, ஆனால் சாக்கின் அடிமுனை இன்னும் ஈரமாக இருந்தது.

நான் சாக்கைத் தொட்டபோது கொட்டகையின் மூங்கில் காலைப் பிடித்துக்கொண்டு அந்த வீட்டு மருமகள் நின்றிருந்தாள். இருபத்திரண்டு வயதுக்கு மேல் இருக்காது. புருஷனுக்குச் சென்னையில் வேலை. நான் சாக்கைப் பார்த்ததை அவள் பார்த்தாள். உடனே கண்ணைத் திருப்பிக்கொண்டாள்.

தொட்டியைக் கவிழ்த்தது யார் என்று கேட்டேன். மாமியார்க்காரி முன்னால் வந்து, அடுத்த வீட்டுப் பக்கம் கையை நீட்டி, "அவன்தாம்மா. வெஷத்தக் கலந்துட்டு, தெரியக் கூடாதுன்னு கவுத்துட்டுப் போயிருக்கான்" என்றாள். சொல்லிவிட்டு மார்பில் அடித்துக்கொண்டாள். என் உதவியாளர் பக்கத்திலேயே நின்றிருந்தார். மாட்டின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். 

திரும்பும் வழியில் அவரை நிறுத்தினேன். தொட்டியைப் பற்றி உங்களுக்கு ஏதாவது தெரியுமா என்று கேட்டேன்.

"நான்தான் கவுத்தேன்" என்றார்.

"ஏன்?"

"கன்னுக்குட்டி அவுந்து கெடந்துது. குடிச்சிடும்ல."

"அப்ப அதை அங்கயே ஏன் சொல்லல?"

அவர் வண்டியை உதைத்துக் கிளப்பினார். "நீங்க கேட்டது என்னைய இல்லீங்களேம்மா."

அந்தப் பதிலை நான் இரண்டு நாள் மென்றேன். கன்றுக்குட்டிக்காகத்தான் என்றால், பங்காளிதான் கவிழ்த்தான் என்று மாமியார் அலறும்போது வாயைத் திறந்திருக்க வேண்டாமா? பங்காளிக்காகச் செய்திருந்தால் என்னிடம் ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும்? ஒப்புக்கொண்டால் நான் சந்தேகப்பட மாட்டேன் என்ற கணக்கா? நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள் என்று கேட்டேன். முடியாது என்றுவிட்டார். மறுப்பு என்று அவர் என்னிடம் சொன்னது அது ஒன்றுதான்.

மாட்டை அறுத்த மறுநாளே வீட்டுக்காரர் அறிக்கை கேட்டு வந்திருந்தார். ஸ்டேஷனில் புகார் கொடுக்க வேண்டும், விஷம் என்று எழுதிக் கொடுங்கள் என்றார். யூரியா என்று எழுதியிருக்கிறேன், அது எப்படி உள்ளே போனது என்று என்னால் எழுத முடியாது என்றேன். அவருக்குக் கோபம். பங்காளி எனக்கு வேண்டியவனா என்று கேட்டார். அப்போதுதான் நான் அந்த வார்த்தையைச் சொன்னேன். அதைச் சொல்ல வேண்டிய அவசியம் எனக்கு இருந்ததா என்று இன்றைக்கும் தெரியவில்லை. கோபத்தில் சொன்னேன். என் தொழில் எனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளவும் சொன்னேன்.

"வேலியில ஈரச் சாக்கு தொங்குச்சே, பாத்தீங்களா? உர சாக்கைத் தொட்டித் தண்ணியில அலசுனாலே போதும், மாடு செத்துடும். முதல்ல உங்க வீட்டுல கேட்டுப் பாருங்க."

"எங்க வூட்டுப் பொம்பளைங்களுக்கு அதுகூடவா தெரியாது?" என்று எழுந்து போய்விட்டார்.

நான்காம் நாள் அவர் சிதம்பரத்திலிருந்து ஓய்வுபெற்ற ஒரு கால்நடை மருத்துவரைக் காரில் அழைத்து வந்தார். மாட்டைப் புதைத்தாகிவிட்டது, பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. அந்தப் பெரியவர் என் மேசையில் உட்கார்ந்து என் அறிக்கையை ஒரு நிமிஷம் பார்த்தார். லிட்மஸ் போட்டாயா என்று கேட்டார். போட்டேன் என்றேன். வாசலுக்குப் போய், "யூரியாதான்யா. பொண்ணு சரியாத்தான் எழுதியிருக்கு" என்றார். வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். நான் முழங்கை வரை ரத்தத்தோடு நின்று சொன்னபோது நம்பாததை, நெற்றியில் கண்ணாடியை ஏற்றியபடி அவர் சொன்னதும் நம்பிவிட்டார். நன்றி சொல்லிப் பெரியவரை வழியனுப்பினேன். அன்று சாயங்காலம் பஸ்ஸில் சிதம்பரம் வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

புகார் எதுவும் போகவில்லை. பங்காளி தப்பித்தார். ஆனால் யூரியாதான் என்று ஆனபிறகு அந்த வீட்டில் அடுத்த கேள்வி வந்திருக்கிறது. ஒரு வாரத்தில் மருமகளைச் சேத்தியாத்தோப்பில் அவள் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். கறவை மாட்டைக் கொன்றவள், வீட்டுக்கு ஆகாதவள் என்று பேச்சு. சாக்கை அவள்தான் அலசினாள் என்று மாமியாரே சொன்னாளாம்.

இந்தச் செய்தியை என்னிடம் சொன்னவர் உதவியாளர்தான். பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமல் சொன்னார். சொல்லிவிட்டு, "இதுக்குத்தாம்மா நான் வாயத் தொறக்கல" என்றார்.

விடியற்காலையில் அவர் போனபோதே தொட்டிக்குள் நுரையும் சாக்கும் கிடந்திருக்கின்றன. பார்த்ததும் புரிந்துவிட்டது. சாக்கை எடுத்து வேலியில் போட்டு, தண்ணீரைக் கவிழ்த்து, மோர் கேட்டிருக்கிறார். யார் அலசியது என்று கேட்கவே இல்லை. கேட்டால் ஒரு பெயர் வரும், அது அந்த வீட்டில் யாருடைய பெயராக இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"நீங்க ரிப்போர்ட்டுல எழுதிடுவீங்கன்னு நெனச்சேன். நீங்க எப்படிப்பட்டவங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? அலமாரியக்கூடப் பூட்டுறீங்க."

எனக்கு முகம் எரிந்தது. அவர் சொன்னது முழுக்க உண்மையா என்று அப்போதும் ஒரு மூலையில் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். பங்காளியோடு டீக்கடையில் என்ன பேசினீர்கள் என்று கேட்டே விட்டேன். அவருடைய ஆட்டுக்குக் கழிச்சல் என்றார். ஆடு இருந்ததா என்று மறுநாள் அந்தத் தெரு வழியாக நடந்துபோய்ப் பார்த்தேன். இருந்தது. அதற்கு வாலெல்லாம் அழுக்கு. இப்படிப் போய்ப் பார்த்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மஞ்சக்குப்பம் போனபோது அம்மா என்ன ஆச்சு என்று கேட்டாள். ஒரு பெண்ணை வீட்டை விட்டு அனுப்பிவிட்டார்கள், என்னால் என்றேன். அப்பா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, நீ சொன்னது பொய்யா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்புறம் என்ன என்றார். அப்பாவுக்கு அலுவலகக் காகிதம் சரியாக இருந்தால் போதும். எனக்கும் அதுவரை அப்படித்தான் இருந்தது.

பொங்கலுக்குப் புருஷன் சென்னையிலிருந்து வந்து அவளை மாமியார் வீட்டுக்கே திரும்ப அழைத்துப் போனதாகக் கேள்விப்பட்டேன். ஆய்வகத்துக்கு அனுப்பிய மாதிரிகளின் பரிசோதனை முடிவும் அந்தச் சமயத்தில்தான் வந்தது. நான் எழுதியதுதான். அதை யாரும் கேட்கவில்லை. கோப்பில் வைத்தேன்.

சித்திரை வெயிலில் ஒரு நாள் அவள் தனியாக மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தாள். மோர் குடித்துப் பிழைத்த அதே மாடு. உதவியாளர் எழுந்து போனார். அவள் அவரைத் தாண்டி என்னிடம் வந்து நின்றாள்.

"சினையான்னு பாக்கணும் டாக்டரம்மா."

கூச்சமே இல்லாமல் சொன்னாள். அந்த ஊரில் அந்த வார்த்தையை என் முகத்துக்கு நேராகச் சொன்ன முதல் ஆள் அவள்தான். கையுறையை மாட்டிக்கொண்டேன். அதுவும் பெரிய அளவு, முழங்கைக்கு மேல் நூல் கட்டினால்தான் நிற்கும். நூலை அவள் கட்டினாள். கை தோள்வரை மாட்டுக்குள் இருக்கும்போது எதிராளியின் முகத்தைப் பார்க்க முடியாது. மாட்டின் பின்பக்கமும் சுவரும்தான் தெரியும். அவள் மாட்டின் தலைப்பக்கம் நின்றபடி மெதுவாகச் சொன்னாள்.

"சாக்க அலசுனது நான் இல்ல. அத்தைதான். நெல்லு அள்ளுறதுக்குச் சாக்கு வேணும்னு, மொத நாள் சாயங்காலம் ஊறப் போட்டாங்க."

நான் கையை அசைக்காமல் நின்றேன். "அப்ப ஏன் நீ சொல்லல?"

"யாருகிட்ட?" என்றாள். பிறகு, "நீங்களும் சாக்கப் பாத்துட்டு என்னையத்தான பாத்தீங்க" என்றாள்.

 மாடு மூன்று மாதச் சினை. சொன்னேன். அவள் மாட்டின் நெற்றியைத் தடவினாள். அவ்வளவுதான், ஓட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அவள் சொன்னது உண்மையாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்றுதான் சொல்ல முடிகிறது. அன்று காலையில் மாமியார் மார்பில் அடித்துக்கொண்ட வேகத்தை நினைத்தால் அவள் பயந்துபோயிருந்தாள் என்று தோன்றும். மூங்கிலைப் பிடித்து நின்றவள் கண்ணைத் திருப்பிக்கொண்டதை நினைத்தால் இவள்தானோ என்று தோன்றும். பிறகு அந்த வீட்டுக்குக் கோமாரித் தடுப்பூசி போடப் பல முறை போயிருக்கிறேன். மாமியார் எனக்கு நாற்காலி போடுவாள், சொம்பில் தண்ணீர் கொடுப்பாள், என் முகத்தை மட்டும் பார்க்க மாட்டாள். வீட்டுக்காரர் நான் வருகிற நாளில் வயலுக்குப் போய்விடுவார். மருமகள் மாட்டைப் பிடித்துக்கொள்வாள். நாங்கள் நான்கு பேரும் அந்தக் காலையைப் பற்றி ஒரு தடவைகூடப் பேசியதில்லை.

அந்த மருமகள் மருந்தகத்துக்கு வந்துபோன பிறகு மற்ற பெண்கள் வர ஆரம்பித்தார்கள். மாட்டைப் பார்ப்பது பெண்கள், டாக்டரிடம் ஓட்டிவருவது ஆண்கள் என்பதை அதுவரை நான் யோசித்ததே இல்லை. எத்தனை நாளாகத் தீனி எடுக்கவில்லை, சாணி எப்படி இருந்தது, எந்தக் காம்பில் பால் குறைந்தது என்பதெல்லாம் ஆண்களிடம் கேட்டால் குத்துமதிப்பாகச் சொல்வார்கள். பெண்கள் நாள் கிழமையோடு சொன்னார்கள். 2009 வாக்கில் காலை வேளையில் வேப்பமரத்தடியில் பாதிக்குப் பாதி பெண்கள். உதவியாளர் சிரித்துக்கொண்டே, "உங்களுக்கு வேலை ஜாஸ்தியாயிடுச்சும்மா" என்பார். அவர் பதிவேட்டை ஒழுங்காக எழுத ஆரம்பித்திருந்தார். அலமாரிச் சாவியை நான் மேசை மேலேயே வைக்க ஆரம்பித்தேன். ஆனால் மாதக் கடைசியில் புட்டிகளை எண்ணுவதை நான் விடவில்லை. எண்ணும்போது அவர் வெளியே போய் நின்றுகொள்வார்.

2012-இல் கடலூருக்கு மாற்றல் கிடைத்தது. கடைசி நாளில் அந்த வீட்டு மருமகள் வந்திருந்தாள், இடுப்பில் ஒரு வயதுக் குழந்தையோடு. பிழைத்த அந்த மாட்டின் மூன்றாவது ஈற்றில் பிறந்த கிடேரி என்று ஒரு கன்றையும் கயிற்றில் பிடித்திருந்தாள். கண்ணில் பீளை தள்ளுகிறது, பார்க்க வேண்டும் என்றாள். இமையை விரித்துப் பார்த்துச் சொட்டு மருந்து விட்டேன். காலையும் சாயங்காலமும் ஐந்து நாள் விட வேண்டும், யார் விடுவார்கள் என்று கேட்டேன்.

"அத்தை விடுவாங்க" என்றாள்.

வேண்டாம், நீயே விடு என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. மருந்துப் புட்டியை அவள் கையில் கொடுத்தேன். குழந்தை அதைப் பிடுங்கப் பார்த்தது. அவள் அதை முந்தானையில் முடிந்துகொண்டாள்.